அரசமனையும் அச்சுத்தகடும்: 1820ஆம் ஆண்டின் கேலிச்சித்திரங்கள் பற்றிய ஒரு நோக்கு

அங்கதம் பற்றித் தமிழில் எழுந்த ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை சொல்லால் அமைந்த அங்கதத்தையே கருத்திற் கொண்டவை. படத்தால் அமைந்த அங்கதம் ஓவியத்துறைக்குரியது எனவோ, பத்திரிகைத் துறைக்குரியது எனவோ ஒதுக்கப்படுகின்றது. அதிலும், ஓர் அரசனின் இல்லறச் சீர்கேட்டைக் காட்டி மக்களைச் சிரிக்க வைத்த படங்கள் என்றால், அவை ஆராய்ச்சிக்குரிய பொருளே அல்ல என்ற எண்ணம் நம்மவரிடையே வலுவாக உண்டு. முற்போக்கு விமரிசகர்களும் இவ்வெண்ணத்திற்கு விலக்கானவர்களல்லர். படுக்கையறைச் செய்திகள் வர்க்கப் போராட்டத்தை மழுங்கடிப்பவை என்று அவர்கள் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மையன்று என்பதை, இங்கிலாந்தின் நான்காம் ஜோர்ஜ் மன்னனையும் அவன் மனைவி கரொலைனையும் பற்றி 1820ஆம் ஆண்டில் வெளிவந்த கேலிச்சித்திரங்களைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவிலிருந்து இதனை எழுதும் நமக்கு அச்சித்திரங்களோடு வேறொரு வழக்கும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அரசனின் இல்லற ஒழுக்கத்தைப் புலவர் கண்டிப்பது தமிழுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 143 முதல் 147 வரையான ஐந்து செய்யுள்கள் வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் சென்றமை பற்றியவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவற்றைப் பாடியுள்ளனர். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலின் வீட்டு வாயிலிலே அவன் மனைவி அழுது நிற்கிறாள். புலவர்களோ, எமக்குப் பொருள் வேண்டா, நீ அவளிடம் திரும்பிச் செல்வதே நாம் வேண்டும் பரிசில் என்கின்றனர். இச்செய்யுள்களிற் சிரிப்பு இல்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். பரிசில் வாழ்க்கையை மேற்கொண்ட புலவன், பரிசிலை மறுப்பதன் மூலமே புரவலனைக் கண்டிக்க முடிகின்றது. கண்டனம் இரப்பின் வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றது. கலைஞனுக்கும் அவனை உண்பிப்போனுக்கும் இடையிலான உறவு, கலையின் வடிவத்தை எவ்வளவு ஆழமாக நிருணயிக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தமிழிற் கிடைப்பது அரிது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டனில் அவ்வுறவு அடியோடு மாறியிருந்தது. கேலிச்சித்திரக்காரனை உண்பித்தவன் அரசனல்லன், அச்சுக்கடைக்காரன். சித்திரத்தைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, தாளில் ஒற்றி, கையால் வண்ணந் தீட்டி விற்றனர். ஜேம்ஸ் கில்ரே என்னும் பெருங்கலைஞன் ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணியின் கடைக்காகவே பல்லாண்டு உழைத்தான். வண்ணப் படத்தின் விலை சில சிலிங்குகள். ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளத்தினால் அதனை வாங்குதல் இயலாது. ஆயினும் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் அவை தொங்கவிடப்பட்டமையால், வாங்க முடியாதோரும் தெருவில் நின்று பார்த்தனர். வாங்கியோர் செல்வர், பார்த்தோர் அனைவரும் என்ற இந்த முரண்பாடு அக்கலையின் பொருளியல் அடித்தளமாகும்.

வேல்ஸ் இளவரசனாயிருந்த காலந்தொட்டே ஜோர்ஜ் இச்சாளரங்களில் இடம்பெற்றான். 1785ஆம் ஆண்டு டிசம்பரில் அவன் கத்தோலிக்க விதவையான ஃபிட்ஸ்ஹேர்பேர்ட் சீமாட்டியை இரகசியமாக மணந்தான். 1772ஆம் ஆண்டின் அரச திருமணச் சட்டப்படி அம்மணம் செல்லாது. மறுவருடமே கில்ரே அதனைப் படமாக்கினான். 1792இல், உண்டு களைத்து முள்ளுக்கரண்டியாற் பல் குத்தும் இளவரசனை அவன் வரைந்த படம் இன்றும் புகழ் பெற்றது. 1795ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆம் திகதி இளவரசன் தன் மைத்துனியான கரொலைனை மணந்தான். காதலன்று, கடனே அதற்குக் காரணம். ஆறு இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட கடனைப் பாராளுமன்றம் தீர்க்க வேண்டுமாயின் அவன் முறைப்படி மணந்தாக வேண்டும். அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள், தம்பதியர் பிரிந்தனர். அவ்வாண்டிலேயே கில்ரே, ஜேர்சி சீமாட்டியோடு கணவன் படுத்திருக்கக் கரொலைன் திரையை விலக்கிக் காணும் காட்சியை வரைந்தான். ஆனால் இவற்றை மக்கட் கலை என்று நாம் அவசரப்பட்டுப் புகழ்ந்துவிடலாகாது. 1797 முதற் சில ஆண்டுகள் கில்ரே அரசாங்கத்திடமிருந்து ஆண்டுக்கு 200 பவுண் உதவிப்பணம் பெற்றவன். பிரபுக்களின் உட்பூசல்களே அவன் படங்களுக்குக் கருவாகவும் சந்தையாகவும் அமைந்தன.

1820இல் நிலைமை வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள அதற்கு முந்திய மூன்றாண்டுகளை நோக்க வேண்டும். 1817ஆம் ஆண்டு டிசம்பரில் வில்லியம் ஹோன் என்னும் புத்தக விற்பனையாளன் மீது, மதநிந்தனைக் குற்றஞ்சாட்டி மூன்று நாட்கள் அடுத்தடுத்து மூன்று வழக்குகள் நடாத்தப்பட்டன. திருச்சபை மன்றாட்டுகளைப் போல அரசியல் நையாண்டி எழுதினான் என்பது குற்றம். ஹோன் வழக்கறிஞர் எவரையும் அமர்த்தாமல் தானே வாதாடினான். அவனைத் தண்டிப்பதற்காக அரச தரப்பு அந்நையாண்டிகளை மன்றிலே படிக்க வேண்டியதாயிற்று; மன்று சிரித்தது; மூன்று முறையும் யூரிமார் அவனை விடுவித்தனர். ஆளும் வர்க்கம் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டது. சிரிப்பை வழக்குமன்றுக்குக் கொண்டு செல்வது அதனைப் பெருக்குவதாகவே முடியும் என்பதே அது.

1819 ஆகஸ்ட் 16ஆம் திகதி மஞ்செஸ்டரின் பீற்றர்லூவில், வாக்குரிமை கோரிக் கூடிய தொழிலாளர் மீது குதிரைப் படை பாய்ந்தது. பதினைந்து பேர்வரை மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அவ்வருட இறுதியில் ஆறு அடக்குமுறைச் சட்டங்கள் நிறைவேற்றப்பட்டன. கூட்டங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. ஆறு பென்சுக்குக் குறைந்த விலையில் அடிக்கடி வெளிவரும் அரசியல் ஏடுகள் மீது நான்கு பென்சு முத்திரை வரி விதிக்கப்பட்டது. உழைப்பாளரின் வாயை விலையால் அடைப்பதே அதன் நோக்கம். ஹோனும் இளம் ஓவியன் ஜோர்ஜ் குரூக்ஷாங்கும் இதற்கு ஒரு வழி கண்டனர். தனிச் சிறுநூலாக, ஒரு சிலிங் விலையில் வெளியிட்டால் முத்திரை வரி இல்லை. செப்புத் தகட்டுக்குப் பதிலாக மரக்கட்டையிற் படத்தைச் செதுக்கினால், எழுத்தோடு சேர்த்து ஒரே அச்சில் ஒற்றலாம்; பிரதிகளும் மிகுதியாக எடுக்கலாம். இவ்வாறு வெளிவந்த அவர்களது முதற் சிறுநூல் ஒரு குழந்தைப் பாட்டின் வடிவில் அமைந்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் பிரதிகள் விற்றதாகக் கூறப்படுகின்றது. ஒரு சிலிங்கும் ஏழைக்கு அரிய பணமே. ஆனால் சாராயக்கடையில் ஒரு பிரதியைப் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கலாம். ஒருவன் படிக்க ஏனையோர் கேட்கலாம்.

இத்தருணத்திலேதான் கரொலைன் திரும்பி வருகிறாள். 1820 சனவரி 29இல் மூன்றாம் ஜோர்ஜ் இறந்தான். 1814 முதல் வெளிநாடுகளில் வாழ்ந்த கரொலைன், அரசியாகத் தன் உரிமையைக் கோரி ஜூன் 5ஆம் திகதி டோவரிற் கரையிறங்கினாள். தன் பணியாளனான பேர்காமி என்னும் இத்தாலியனோடு அவள் கூடி வாழ்ந்தாள் எனக் கூறி, அவளது அரசிப் பட்டத்தைப் பறித்து மணத்தையும் முறிக்கும் மசோதா பிரபுக்கள் சபையிற் கொண்டுவரப்பட்டது. சான்றுகள் பச்சைப் பைகளிற் கட்டி வைக்கப்பட்டன. இத்தாலியச் சாட்சி ஒருவன், ஹென்றி புரூமின் குறுக்கு விசாரணையில், நினைவில்லை என்ற ஒரே விடையை இத்தாலிய மொழியில் மீண்டும் மீண்டும் சொன்னான். ஹோன் அதனையே தலைப்பாக்கி ஒரு சிறுநூலை வெளியிட்டான். அதில் நினைவில்லாமற் போகின்றவன் மன்னனே. அரசனையும் அரசியையும் இரு பருத்த பச்சைப் பைகளாகவே குரூக்ஷாங்க் ஒரு படத்தில் வரைந்தான். இரண்டு பைகளும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல என்ற அப்படத்தின் பொதுநிலை, பின்னர் வந்தவற்றில் மறைந்துபோனமை நோக்கற்பாலது.

இக்காலப் படைப்புகளிற் சிறந்தது ஹோனும் குரூக்ஷாங்கும் வெளியிட்ட ‘அரசியின் திருமண ஏணி’ என்பது நமது துணிபு. அட்டையாற் செய்த ஒரு சிறு விளையாட்டு ஏணியும் நூலோடு விற்கப்பட்டது. ஏணிக்குப் பதினான்கு படிகள்; படிக்கொரு சொல், படிக்கொரு படம். முதற்படியில் வெறும் புட்டிகளின் நடுவே குடித்துச் சாய்ந்து கிடக்கும் இளவரசன். கடன், மணம், பழிசுமத்தல், நாடு நீங்கல், மீளல் எனப் படிகள் ஏறி, முடிசூட்டு வரை சென்று இழிவில் முடிகின்றன. திருமண வாழ்க்கையின் படிகளைக் காட்டும் குழந்தை விளையாட்டுப் பொருள்கள் அக்காலத்து நடுத்தர வர்க்க வீடுகளில் இருந்தவை. அவ்வர்க்கம் தன் பிள்ளைகளுக்குக் கற்பித்த இல்லற அறத்தைக் கொண்டே அரசனை அளப்பதில் இந்நூலின் கூர்மை உள்ளது. உழைத்து உண்ணும் தச்சனுக்கும் தையற்காரனுக்கும் கடமையாக விதிக்கப்பட்ட ஒழுக்கம், அவர்கள் வரியில் உண்ணும் ஒருவனுக்கு ஏன் இல்லை என்ற வினா, வாக்குரிமை பற்றிய வினாவின் மற்றொரு வடிவமே ஆகும்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் பகுக்கின்றது. 1820ஆம் ஆண்டின் படங்கள் இப்பகுப்பை ஒரு வேடிக்கையான முறையிற் பயன்படுத்தின எனலாம். மேற்பார்வைக்கு அவை செம்பொருள் அங்கதம். அரசனின் பருத்த வயிறும் ஆசைநாயகியரும் மறைவின்றிக் காட்டப்பட்டன. ஆனால் உண்மையில் அவை சொல்லவந்த பொருள் பீற்றர்லூவும் ஆறு சட்டங்களுமே. வெளிப்படையான ஆபாசம் கரந்த அரசியலுக்குப் போர்வையாயிற்று. வழமையாக ஆபாசத்தை மறைக்கவே போர்வை தேடுவர். இங்கு ஆபாசமே போர்வை. வழக்குத் தொடுத்தால் மன்னனின் படுக்கையை மன்றில் விரிக்க வேண்டும் என்பதால் அப்போர்வை உறுதியாகவும் இருந்தது.

வழக்கால் ஆகாததை அரச தரப்பு பணத்தால் செய்ய முயன்றது. 1819க்கும் 1822க்கும் இடையில் படங்களையும் தகடுகளையும் வாங்கி ஒடுக்குவதற்கு மன்னன் ஏறக்குறைய 2600 பவுண் செலவிட்டான். மன்னனை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று உறுதி கூறி 1820 ஜூனில் நூறு பவுண் பெற்றவர்களுள் குரூக்ஷாங்கும் ஒருவன். அதன்பின்பும் அவன் ஹோனுக்கு வரைந்தான்! அவனைக் கயவன் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சந்தையில் நிற்கும் கலைஞன் இருபக்கமும் விற்கின்றான் என்பதே பொருள். தியடோர் லேன் என்ற இளைஞன் கரொலைனைக் காமவெறி கொண்டவளாகக் காட்டும் படங்களை 1821இல் தொடர்ந்து வரைந்தான். அவற்றை வெளியிட்டது, கில்ரேயின் படங்களை விற்ற அதே ஹம்ப்ரி குடும்பத்துக் கடையே.

இப்போராட்டத்தை எவ்வாறு மதிப்பிடுவது? இ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட, ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய தம் பெருநூலில் இவ்விவகாரத்தைப் பொறுமையின்றிக் கடந்து செல்கிறார். தோமஸ் லக்கூர் 1982இல் எழுதிய கட்டுரையில், தீவிர அரசியல் இங்கு உணர்ச்சி நாடகமாகக் கரைந்துபோயிற்று என்ற கருத்தை முன்வைத்தார். பின்வந்த பெண்ணிய வரலாற்றாசிரியர்கள், குறிப்பாக அன்னா கிளார்க், பெண்கள் பெருந்தொகையாக விண்ணப்பங்களிற் கையொப்பமிட்டமையைச் சுட்டிக்காட்டி இதனை மறுத்தனர். பெண்ணிய ஆய்வாளரின் மறுப்பு வலுவுடையது. கணவன் பலரோடு வாழலாம், மனைவி ஒருவனோடு வாழ்ந்தால் பாராளுமன்றமே கூடும் என்ற நீதியை, தம் வீட்டில் அதனை நாள்தோறும் அனுபவித்த பெண்கள் அடையாளங்கண்டதில் வியப்பில்லை. அதனை உணர்ச்சி நாடகம் என்பது ஆணின் பார்வை. எனினும் லக்கூரையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. நவம்பர் 10ஆம் திகதி மசோதா மூன்றாம் வாசிப்பில் 108க்கு 99 என ஒன்பது வாக்குகளால் மட்டுமே தேறியது. அரசாங்கம் அதனைக் கைவிட்டது. இலண்டன் விளக்கேற்றிக் கொண்டாடியது. அடுத்த ஆண்டில் கரொலைன் 50,000 பவுண் ஆண்டுப்படியை ஏற்றாள்; ஜூலை 19ஆம் திகதி முடிசூட்டு விழாவிற்கு அவள் சென்றபோது வாயிற்கதவுகள் அடைக்கப்பட்டன. ஆகஸ்ட் 7இல் அவள் இறந்தாள். ஒரு வாரத்தின் பின் அவளது சவ ஊர்வலத்தை நகருக்குள் வரவிடாது தடுத்த படையினர் சுட்டதில் ரிச்சர்ட் ஹனி என்ற தச்சனும் ஜோர்ஜ் பிரான்சிஸ் என்ற கொத்தனும் மாண்டனர். அரசி போனபின் அரசியல் அங்கதத்தின் வேகமும் தணிந்தது. தச்சனையும் கொத்தனையும் மையமாகக் கொண்டு அடுத்த ஏணியை எவரும் செய்யவில்லை.

இதற்குரிய விளக்கத்தை மார்க்ஸ் வேறோரிடத்தில் தருகின்றார். லூயி பொனபார்ட்டின் ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றிய தம் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னுரையில், விக்டர் ஹியூகோ பொனபார்ட்டைச் சாடிச் சாடி அவனைச் சிறுமைப்படுத்துவதற்குப் பதிலாகப் பெரியவனாக்கிவிட்டார் என்கிறார். எல்லாம் ஒரு தனிமனிதனின் செயல் என்று காட்டும் அங்கதம், அவனைத் தாங்கி நிற்கும் வர்க்க உறவுகளை மறைத்துவிடுகின்றது. ஜோர்ஜின் வயிற்றை ஆயிரம் முறை வரைந்தவர்கள் அவ்வயிற்றை நிரப்பிய நிலவாடகையை வரையவில்லை.

மேலே நாம் கூறுவதாகச் சொன்ன வழக்கு இனி வருவது. ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் ஜோர்ஜை எவ்வாறு இழிவுபடுத்தினர்? அவனைக் கீழைத்தேயத்துக் கொடுங்கோலனாக்கி! 1816இல் குரூக்ஷாங்க் வரைந்த படமொன்று பிறைற்றன் அரண்மனையில் அவனைச் சீன மன்னனாக, தொந்தியும் தொங்கு மீசையுமாக இருத்திக் காட்டுகின்றது. ‘திருமண ஏணி’யோடு இணைக்கப்பட்ட பகுதியிலும் அவன் சீனக் கோயிற் சிலையாகவே அமர்ந்திருக்கிறான். 1815இல் ஜோன் நாஷ் என்ற சிற்பி அவ்வரண்மனைக்கு இந்தியக் கோபுரக் கவிகைகளைக் கட்டத் தொடங்கியிருந்தமை இதற்கு வசதியாயிற்று. காமம், ஆடம்பரம், அந்தப்புரம், கொடுமை யாவும் ஆசியாவின் சரக்குகள்; ஆங்கில மன்னன் கெட்டுப்போனான் என்றால் ஆசியனாகிவிட்டான் என்பது பொருள்.

அதே 1815இல், மார்ச் 2ஆம் திகதி, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்றாம் ஜோர்ஜின் பெயராலும், ஆட்சிப் பொறுப்பாளனாகிய வேல்ஸ் இளவரசன் ஜோர்ஜின் பெயராலும் ஆளுநர் பிரவுன்றிக் அதிற் கையொப்பமிட்டார். மலபார் அரசனின் கொடுமைகளை எடுத்துக்கூறி, அவனும் அவன் குலமும் அரியணை உரிமையை இழந்தனர் என்று அது அறிவித்தது. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் தேவியரோடு வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அவன் கொடுமை செய்யாதவன் என்பது நமது வாதமன்று. எகலப்பொல குடும்பத்துக்கு 1814இல் நேர்ந்தது மறக்கத்தக்கதன்று. நாம் சுட்டுவது, ஒரே உருவம் இரு கைகளில் இருந்தமையை. இலண்டனின் தீவிரவாதி தன் மன்னனை இழித்துரைக்கவும், கொழும்பின் ஆளுநர் அம்மன்னனுக்காக ஒரு நாட்டைப் பறிக்கவும், கீழைத்தேயக் கொடுங்கோலன் என்ற ஒரே படிமமே உதவியது. மன்னனை வெறுத்த சிரிப்பும் மன்னனின் பேரரசுக்கு உரமிட்டது. மேனாட்டு முற்போக்குக் கலையை நம்மவர் போற்றும்போது இதனைக் கவனியாது விடுவது நியாயமாகாது.

ஆயினும் அடங்கிய மக்கள் அரச மொழியிலேயே பேச நேர்வது இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. 1848 ஜூலை 26ஆம் திகதி, நாய் வரி, துப்பாக்கி வரி, கடை வரி, வீதி வேலை வரி ஆகியவற்றால் வெகுண்டெழுந்த விவசாயிகள் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவை அரசனாக முடிசூட்டினர். இரு நாட்களில் மாத்தளை தாக்கப்பட்டது. வாக்குரிமையற்ற இலண்டன் கைவினைஞன் ஓர் அரசியின் பின்னே திரண்டான். காணியிழந்த மாத்தளைக் குடியானவன் ஓர் அரசனைத் தேடினான். முன்னையதை நடுத்தர வர்க்கத்துச் சிரிப்பு என்றும் பின்னையதைப் பிரபுத்துவ எச்சம் என்றும் எளிதில் ஒதுக்கிவிடலாம். தன் வர்க்கத்துக்கென ஓர் அமைப்பு இல்லாதவன், கையில் அகப்பட்ட மகுடத்தைக் கொண்டே பேசுகிறான் என்று இரண்டையும் ஒருங்கே படிப்பது கூடுதற் பயன் தரும். ஒரு வேறுபாடும் உண்டு. இலண்டனில் மன்னன் தகடுகளை விலைகொடுத்து வாங்கினான். மாத்தளையில் இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். பண்டா கசையடி பெற்று மலாக்காவிற்கு நாடு கடத்தப்பட்டான்.

அந்த அடக்குமுறை பற்றி விசாரிக்கப் பாராளுமன்றக் குழு வேண்டுமென 1849இல் குரலெழுப்பியவர்களுள் யோசப் கியூம் ஒருவர். கரொலைன் காலத்திலேயே பாராளுமன்றத்திலிருந்த பழைய தீவிர சீர்திருத்தவாதி அவர். அக்குழு ஆளுநர் டொரிங்டனின் நடத்தையை நீண்ட நாட்கள் ஆராய்ந்தது. டொரிங்டன் 1850இல் பதவி நீங்கித் திரும்பினார். கிராமத்துச் சேனைக் காணிகளையும் காடுகளையும் முடிக்குரியவையாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வழிதிறந்த 1840ஆம் ஆண்டின் சட்டம் அதன் பின்பும் நடைமுறையில் இருந்தது. மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை நோக்கித் தமிழ்க் கூலியாட்கள் நடந்து வந்துகொண்டிருந்தனர்.